காலை மந்தமும் ஒரு தும்மல் மாத்திரையும்

மதுவை நிறுத்திய ஐந்தாவது வாரத்தில், உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்து மனநல மருத்துவர் எனக்கு மிர்டாசபைன் 15 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். உறக்கம் வந்தது, ஆனால் இறங்க வேண்டிய பேருந்து நிறுத்தத்தைத் தவறவிடும் அளவுக்குக் காலை 11 மணி வரை தலை கனத்து, மந்தம் நீடித்தது.

முதலில் காப்பியைக் கூட்டினேன். கை நடுங்கியதுதான் மிச்சம். பிறகு யாரையும் கேட்காமல் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கினேன். இது பெரிய தவறு. இம்மருந்து குறைந்த அளவிலேயே மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை வலுவாகத் தடுப்பதால், அளவு பாதியானபோதும் தூக்கக் கலக்கம் பாதியாகவில்லை. மாறாக மனச்சோர்வு கூடி, மாலையில் குடிக்கும் வேட்கையும் தலைதூக்கியது.

9 நாள்கள் வீணான பின், வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அவர் தனியே எடுத்து வைத்தது, தும்மலுக்காக நான் பல ஆண்டுகளாக இரவில் போட்டுவந்த செட்டிரிசின் மாத்திரையை. அதுவும் ஹிஸ்டமினைத் தடுப்பதே. அதை ஒரு மருந்தாகவே நான் எண்ணாததால் முதல் சந்திப்பில் சொல்லியிருக்கவில்லை. அதை நிறுத்தி மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தந்தார். மிர்டாசபைனை முழு அளவில், இரவு 11 மணிக்குப் பதிலாக 9 மணிக்கே எடுக்கச் சொன்னார்.

நான்காம் நாள் காலை 7 மணிக்குத் தெளிவாக விழித்தேன். பெரும் ஆறுதலாக இருந்தது. மிர்டாசபைன் தூண்டும் பசி மட்டும் இன்னும் அதிகமாகவே இருப்பதால், எடையை வாரந்தோறும் குறித்துவருகிறேன்.