கொத்தும் பெட்டைக்கோழியைப் பஞ்சாரம் கொண்டு அடக்குவது எப்படி?

சம்பா நடவு முடிந்துவிட்டால் வயலில் கோழி இறங்குவதை அக்கம்பக்கத்தார் பொறுக்கமாட்டார்கள் என்பதால், அதுவரை கொல்லையிலும் வரப்பிலும் மேய்ந்தவற்றைக் கூட்டுக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி அடைமழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். டெல்டாவில் பெட்டைகள் ஒன்றையொன்று கொத்தும் தொல்லை பெரும்பாலும் இந்த நெருக்கடியில்தான் முற்றுகிறது.

முதலில், காலையில் தீவனம் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது என்ற வரிசை உண்டென்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதியிருக்கிறார். தலையில் ஒரு கொத்து விழுந்து மற்றது ஒதுங்கிவிட்டால் அது வரிசை. நாம் தலையிட வேண்டாம். ஒதுங்கியதையும் துரத்திச் சென்று கொத்துவது, தட்டை நெருங்கவிடாமல் பட்டினி போடுவது, ரத்தம் வரச் செய்வது ஆகியவைதாம் அடக்கப்பட வேண்டியவை. முட்டைமேல் 21 நாள் கிடக்கும் அடைக்கோழியும் குஞ்சோடு திரியும் தாய்க்கோழியும் சீறுவது இயல்பு. அவற்றை இக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

காயம்பட்ட கோழி இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். ரத்தத்தைக் கண்டால் அதுவரை சாதுவாக இருந்தவையும் கொத்தவரும். ஆனால் காயம் ஆறியதும் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கொத்து வாங்கியதையே நெடுநாள் ஒதுக்கிவைத்தால், திரும்பும்போது அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

ஆகவே, கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள் போக வேண்டியது கொத்திய கோழி. மற்றவை கொல்லையில் இருந்தால் பஞ்சாரத்தை வாசல் பக்கம் நிழலில் கவிழ்த்து, உள்ளே தண்ணீரும் தீவனமும் வைத்து, மேலே ஒரு கல்லையும் ஏற்றுங்கள். இரவில் கீரி, மரநாய் அண்டாதபடி வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கூட்டம் அதன் கண்ணில் படக் கூடாது என்பதே முக்கியம், ஏனெனில் அது இல்லாத மூன்று நான்கு நாட்களில் மற்றவை தமக்குள் புதிய வரிசை அமைத்துக்கொள்கின்றன. பிறகு, அந்தி சாய்ந்து எல்லாம் அடைந்த வேளையில் அதை உள்ளே விடுங்கள். எங்கள் வீட்டு அசீல் (சண்டைக்கோழி இனம்) கலப்புப் பெட்டை நான்காம் நாள் திரும்பியபோது, மறுநாள் காலை தட்டருகே வராமல், கழுத்தைக் குறுக்கிக்கொண்டு மூலையிலேயே நின்றது. குணம் மாறாவிட்டால் ஒரு வாரம் வரை மீண்டும் அடைக்கலாம்.

தீவனத்தையும் கவனியுங்கள். வெறும் குருணையும் தவிடும் தின்னும் கோழிகள், புரதம் போதாமல் பிறவற்றின் இறகைப் பிடுங்கித் தின்னத் தொடங்கும். அசோலா (நீரில் மிதந்து வளரும் சிறு பெரணி), கறையான், உப்பில்லாக் கருவாட்டுத் தூள் ஆகியவை ஈடுகட்டும். உப்புக் கருவாடு கோழிக்கு ஆகாது. ஒரு தட்டில் நின்றால் இன்னொன்று தெரியாதபடி இரண்டு தட்டுகள் வையுங்கள். எட்டிக் கொத்தும் உயரத்தில் ஒரு கட்டு அகத்திக்கீரை தொங்கினால் மழை நாளின் பாதிச் சண்டை கீரையோடு போய்விடும்.

புதுக்கோழி வாங்கிவந்தாலும் பஞ்சாரம் உதவும். அப்போது மட்டும் அதைக் கூட்டத்தின் நடுவிலேயே கவிழ்த்து, ஒரு வாரம் எல்லாம் பார்த்துப் பழகிய பின் திறந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் அடங்காத கோழி அரிது. இரண்டு முறை அடைத்தும் ரத்தம் வரக் கொத்துவதை நான் மூன்றாம் முறை அடைப்பதில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வைத்துக்கொள்வேன்.