விதை காணிக்கை கேக்கும்போது வசனத்தை எப்படி செக் பண்றது

விதை காணிக்கைன்னா, பணத்தை விதை மாதிரி போட்டா பல மடங்கா திரும்பி வரும்னு சொல்லி கேக்கற காணிக்கை. அதை எடுக்கறதுக்கு முன்னாடி ஊழியக்காரர் ஒரு வசனம் சொல்வாரு இல்லையா, அதோட அதிகாரம், வசன நம்பர் ரெண்டையும் போன்ல டைப் பண்ணி வச்சுக்கோங்க, அந்த எடத்துலயே எதையும் முடிவு பண்ண வேண்டாம். வீட்டுக்கு வந்து பைபிளை எடுத்து அதுக்கு மேல பத்து வசனம், கீழ பத்து வசனம் சத்தமா வாசிங்க, வாசிக்கும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: இங்க யாரு கொடுத்தாங்க, கொடுத்தது யாரு கைக்கு போச்சு? கொடுத்தா கடவுள் பணமா ஆசீர்வதிப்பாருங்கிற செழிப்பு உபதேசத்துல திரும்பத் திரும்ப வர்ற வசனம் ரொம்ப இல்ல, அதனால இது பெரிய வேலையும் இல்ல. இப்படி பாக்கறது அவிசுவாசமோன்னு பயப்படாதீங்க. பெரோயா ஊர்க்காரங்க பவுல் பேசினதையே தினந்தோறும் வேதத்தை வச்சு ஆராய்ஞ்சு பாத்தாங்க, அதுக்காக அவங்களை நற்குணசாலிகள்னுதான் அப்போஸ்தலர் 17:11 சொல்லுது. பவுலையே சரிபாக்கலாம்னா கன்வென்ஷன் மேடையில நிக்கறவரையும் தாராளமா பாக்கலாம்.

மல்கியா 3:10ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா அதிகமா பயமுறுத்தறது இந்த வசனத்தை வச்சுதான், தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு, குடுக்கலன்னா சாபம், குடுத்தா வானத்தின் பலகணி திறக்கும்னு. சரி, அஞ்சு வசனம் மேல போங்க, 3:5. அங்க கர்த்தர் யாருக்கு விரோதமா சாட்சி சொல்ல வர்றாருன்னு பாருங்க, கூலிக்காரன் கூலியை பிடுங்கறவன், விதவையையும் தகப்பன் இல்லாத பிள்ளையையும் ஒடுக்கறவன். இதையும் சேத்து பிரசங்கம் பண்றவங்களை பாக்கறது அபூர்வம். அடுத்து உபாகமம் 14க்கு போங்க, தசமபாகம்னா என்னன்னு சட்டமே அங்க இருக்கு: தானியம், திராட்சரசம், எண்ணெய், அதை கர்த்தர் சொன்ன எடத்துக்கு கொண்டுபோய் குடும்பத்தோட உக்காந்து சாப்பிட்டு சந்தோஷப்படணும், மூணு வருஷத்துக்கு ஒருதடவை அதை ஊர் வாசல்லயே வச்சு லேவியன் (ஆலய ஊழியம் செய்றவன்), பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை எல்லாரும் வந்து திருப்தியா சாப்பிடணும். பண்டசாலைன்னு மல்கியா சொல்றது இந்த தானியம் சேத்து வைக்கிற எடம். நெகேமியா 13:10 பாத்தீங்கன்னா லேவியருக்கு பங்கு வராததால அவங்க வேலையை விட்டு வயலுக்கே ஓடிட்டாங்கன்னு இருக்கு. அப்போ ஊழியம் செய்றவங்களுக்கு சாப்பாட்டுக்கு குடுக்கணுமான்னா கட்டாயம் குடுக்கணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, முழுநேரமா உழைக்கிற பாஸ்டர் வீட்டுல அடுப்பு எரியணும். ஆனா ஊழியரை தாங்கறது வேற, பணத்தை போட்டு பணத்தை எடுக்கறது வேற.

அடுத்தது 2 கொரிந்தியர் 9:6, பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான். 'விதை போடுங்க'ன்னு சொல்றதுக்கு மூல வசனமே இதுதான். இதுக்கு 8ஆம் அதிகாரம் முதல் வசனத்துல இருந்து வாசிக்கணும், பத்து வசனம் பத்தாது. எருசலேம்ல இருந்த ஏழை விசுவாசிகளுக்கு பவுல் பணம் சேக்கறாரு, ரோமர் 15:26 பாத்தா அது தெளிவா தெரியும். கொரிந்து சபை குடுத்தது, எருசலேம் ஏழைக்கு போச்சு, பவுல் பாக்கெட்டுக்கு போகல. அதுவும் எவ்வளவு கவனமா பண்றாரு பாருங்க, 8:19 முதல் 21 வரைக்கும், சபைகள் தெரிஞ்சுகிட்ட ஒரு சகோதரன் கூடவே வர்றாரு, இந்தப் பணத்து விஷயத்துல யாரும் எங்களை குத்தம் சொல்லக்கூடாதுன்னு பவுலே எழுதறாரு. 8:12ஐ மட்டும் பேனாவால கோடு போட்டு வச்சுக்கோங்க, ஒருத்தனுக்கு மனசு இருந்தா அவன்கிட்ட இல்லாததை வச்சு இல்ல, இருக்கறதை வச்சுதான் அது அங்கீகரிக்கப்படும். கடன் வாங்கி, நகை அடகு வச்சு, சீட்டுப் பணத்தை எடுத்து காணிக்கை போடுங்கன்னு யாராவது சொன்னா இந்த ஒரு வசனத்தை காட்டினா போதும்.

லூக்கா 6:38 'கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்', மூணு வசனம் மேல 6:35ல கைம்மாறு கருதாம கடன் குடுங்கன்னு இயேசு சொல்லியிருக்காரு. மாற்கு 10:30 நூறத்தனை, அதாவது நூறு மடங்கு, அதே வசனத்துக்குள்ள 'துன்பங்களோடேகூட'ன்னும் இருக்கு. 3 யோவான் 2 'நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி', இது காயுங்கிற நண்பருக்கு கடிதம் எழுதும்போது சொன்ன வாழ்த்து. அமெரிக்காவுல ஓரல் ராபர்ட்ஸ்ங்கிற பிரசங்கியார் 1947ல இந்த வசனத்தை வாசிச்சப்புறம்தான் தன்னோட ஊழியமே மாறிச்சுன்னு சொல்லியிருக்காரு, விதை விசுவாசம்ங்கிற பேச்சை பரப்புனதுல அவருக்கு பெரிய பங்கு உண்டு, அதே ஆள் 1987ல 80 லட்சம் டாலர் சேரலன்னா கடவுள் என்னை எடுத்துக்குவாருன்னு சொல்லி பணம் கேட்டாரு. ஒரு வாழ்த்து வரியை வாக்குத்தத்தமா எடுத்துகிட்டு நடந்தா எங்க வரைக்கும் போகுதுன்னு அதுல தெரியும்.

இப்போ எனக்கு ரொம்ப வலிக்கிற எடத்துக்கு வரேன். எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, தையல் மெஷின் மிதிச்சு பிள்ளையை படிக்க வச்சவங்க, பையனுக்கு வேலை கிடைக்கணும்னு காதுல கிடந்த கம்மலை அடகு வச்சு காணிக்கை போட்டாங்க. வேலை வரல, வட்டி ஏறிச்சு, காதுல ஈர்க்குச்சி. அவங்க யாரையும் திட்டல, 'என் விசுவாசம் பத்தலடா தம்பி'ன்னாங்க. காசு போனதை விட இது பெரிய கொடுமை. இந்த மாதிரி யாராவது உங்க வீட்டுல இருந்தா அவங்ககூட உக்காந்து 2 தீமோத்தேயு 4:20 வாசிங்க, துரோப்பீமை வியாதியோட மிலேத்துல விட்டுட்டு வந்தேன்னு பவுல் எழுதறாரு, பவுலுக்கு விசுவாசம் பத்தலையா? 2 ராஜாக்கள் 5ஐயும் வாசிங்க, நாகமான் குஷ்டம் சொஸ்தமானப்போ தீர்க்கதரிசி எலிசா ஒரு பைசா வாங்கல, பின்னாடி ஓடிப்போய் வெள்ளியும் துணியும் வாங்குன அவரோட வேலைக்காரன் கேயாசிக்கு அதே குஷ்டம் வந்துச்சு. ஜெபத்துக்கு ரேட் கிடையாது.

அம்மாகிட்டயோ பெரியம்மாகிட்டயோ பேசும்போது 'அந்த ஆளு ஃபிராடு'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, கதவு அங்கயே சாத்திக்கும். அவங்களுக்கு கஷ்டத்துல ஆறுதலா இருந்தது அவரு டிவியில பண்ற பிரசங்கம்தான், அந்த நன்றி அவங்களுக்கு உண்மையா இருக்கு. ராத்திரி குடும்ப ஜெபத்துல வாசிக்கிற முறை உங்களுக்கு வரும்போது 2 கொரிந்தியர் 8, 9 ரெண்டையும் முழுசா வாசிங்க, விளக்கம்கூட சொல்ல வேண்டாம், அவங்களே கேப்பாங்க.

கொடுக்கறதை நிறுத்த சொல்லலைங்க, எங்க கொடுக்கறோம்னு பாருங்கன்னு சொல்றேன். கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணதும் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி மேல ஒரு பேரு வரும், அது ட்ரஸ்ட் பேரா தனி ஆள் பேரான்னு பாத்துட்டு அனுப்புங்க. ரசீது கேளுங்க. வருஷத்துக்கு ஒருதடவையாவது வரவு செலவு சபையில வாசிக்கிறாங்களா, ட்ரஸ்டி எல்லாரும் ஒரே குடும்பமான்னு கேளுங்க, மரியாதையா, தனியா போய் கேளுங்க. நல்ல பாஸ்டர் கோவப்பட மாட்டாரு, நோட்டை எடுத்து காட்டுவாரு. கோவப்பட்டா இந்த மாச காணிக்கையை அங்க போடாம உங்க தெருவுலயே டயாலிசிஸ்க்கு அலையிற வீட்டுக்கோ ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கோ நேரா கொண்டுபோய் குடுங்க, திரும்பி என்ன வரும்னு எண்ணாம.