பிலாசபில பிஎச்டி: தலைப்பு தேடாதீங்க, கேள்வி தேடுங்க

எம்ஏ முடிச்சிட்டு எதிக்ஸ்லயோ (அறவியல்) அழகியல்லயோ பிஎச்டி பண்ணலாமான்னு யோசிக்கிறவங்க எடுத்தவுடனே கேக்குறது எந்த யுனிவர்சிட்டி, கைடு யாரு, மாசம் எவ்ளோ வரும். வேண்டிய கேள்விதான், கீழ சொல்றேன். ஆனா இன்டர்வியூல அவங்க தோண்டித் தோண்டிக் கேக்கப்போறது ஒண்ணுதான், "சரிப்பா, உன் கேள்வி என்ன?" நாம தலைப்ப சொல்லிட்டு உக்காந்திருப்போம்.

நான் மொதல்ல எடுத்துட்டுப் போன சினாப்சிஸ் (என்ன ஆராய்ச்சி பண்ணப் போறோம்னு எழுதிக் குடுக்குற சுருக்கம்) பேரு 'தமிழ் அழகியல்: ஓர் ஆய்வு'. பதினாலு பக்கம், ஸ்பைரல் பைண்டிங் வேற. கைடு சார் ரெண்டு பக்கம் புரட்டிட்டு, "இதுல எவனாவது 'அதெல்லாம் இல்ல'ன்னு எதுத்துப் பேசுற மாதிரி ஒரு வரி காட்டு"ன்னாரு. தேடுறேன் தேடுறேன், ஒண்ணு கூட இல்ல. எல்லாரும் தலையாட்டுற வரியாவே பதினாலு பக்கம். அன்னிக்கு கோவமாதான் வந்துச்சு, ஆனா இன்னிவரைக்கும் யார் சினாப்சிஸ் கொண்டுவந்தாலும் நானும் அதையேதான் கேக்குறேன்.

அப்ப எதுக்கிற மாதிரி வரி எங்க கெடைக்கும்? எல்லாரும் சும்மா தாண்டிப் போற எடத்துல. ஒரு உதாரணம் சொல்றேன். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல எட்டு மெய்ப்பாடு (மனசுல இருக்கிறது உடம்புல வெளிப்படுறது): நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சமஸ்கிருத நாட்டிய சாஸ்திரத்துலயும் ரசம், அதாவது கலைல கெடைக்கிற உணர்ச்சிச் சுவை, எட்டு (ஒம்பதாவதா சாந்தத்த அபிநவகுப்தர் தூக்கிப் பிடிச்சது ரொம்பப் பின்னாடி). ரெண்டு பக்கமும் எட்டு இருந்தா நம்மாளுங்க கை சும்மா இருக்குமா, ஒடனே ஒரு டேபிள் போட்டுருவாங்க. நகைன்னா ஹாஸ்யம், அழுகைன்னா கருணம், இளிவரல்னா பீபத்சம், அப்பிடியே கீழ வரைக்கும். நோட்ஸ்ல பாத்திருப்பீங்க, பரீட்சைக்கும் எழுதியிருப்பீங்க.

இப்ப அந்த டேபிள்ல ஒரே ஒரு வரிய மட்டும் புடிங்க, இளிவரல் – பீபத்சம். பீபத்சத்துக்கு அடிப்படை ஜுகுப்சை, அதாவது அருவருப்பு. ஆனா இளிவரலுக்கு தொல்காப்பியர் சொல்ற நாலு காரணம் என்ன தெரியுமா? மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கொஞ்சம் நின்னு யோசிங்க. திண்ணைல இருமிட்டு உக்காந்திருக்கிற ஒரு கெழவர பாத்தா வர்றது அருவருப்பா? இல்ல அந்த கெழவருக்கே தன்ன நெனச்சு வர்ற ஒரு கூச்சமா? வருத்தம் எப்பிடி அருவருப்புக்குக் காரணமாகும்? இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அழுகைக்கு அவர் சொல்ற நாலு காரணத்துல (இளிவு, இழவு, அசைவு, வறுமை) மொத காரணமே இளிவுதான். அருவருப்பு வந்து யாரும் அழமாட்டாங்க, கேவலப்பட்டா அழுவாங்க.

இப்ப ஒரு வரி எழுதலாம்: "இளிவரல் என்பது ஒரு பொருளைக் கண்டு வரும் அருவருப்பு அல்ல, தான் தாழ்ந்துபோனதாக உணர்வது." இதை எதுக்கலாம். "இல்லப்பா, பாக்குறவனுக்கு வர்ற வெறுப்பும் அதுல இருக்கு"ன்னு ஒருத்தர் சண்டைக்கு வரலாம். வரட்டும், சண்டைக்கு ஆள் வந்தாத்தான் அது ஆராய்ச்சி.

இது அழகியலோட நிக்காது பாருங்க. ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1790ல எழுதுன நூல்ல, கலை அசிங்கமான எதையும் அழகா காட்டிரும், அருவருப்பு ஒண்ணத் தவிரன்னு சொல்றாரு. அருவருப்புல கூட கலைக்கு வேலை இருக்குன்னு கரோலின் கோர்ஸ்மேயர் 2011ல தனி புத்தகமே போட்டாங்க. எதிக்ஸ் பக்கம் அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 2004ல, அருவருப்பையும் வெக்கத்தையும் நம்பி சட்டம் எழுதுறது ஆபத்துன்னு வாதாடுறாங்க. உங்க இளிவரல் இவங்க நடுவுல போய் நிக்குது. வயசானதையும் நோயையும் 'இளிவு'ன்னு பாக்குறது பாக்குறவன் கோளாறா, இல்ல அந்த சமூகத்தோட கோளாறான்னு கேட்டா அது எதிக்ஸ் சேப்டர். டேபிள்ல ஒரே வரி, அதுக்கு நாலு வருஷ வேலை இருக்கு.

இப்ப படிக்கிற வேலை. மூலத்த மட்டும் படிச்சிட்டு ஓடக்கூடாது, மெய்ப்பாட்டியலுக்கு இளம்பூரணர் உரை இருக்கு, பேராசிரியர் உரையும் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 'மென்மை'ங்கிற ஒரு சொல்லுக்கு யார் என்ன சொல்றாங்கன்னு மட்டும் மொத வாரம் பாருங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்துல மூலமும் உரையும் ஓசியாவே கெடைக்கும். பழைய பதிப்பு வேணும்னா சென்னைல தரமணி ரோஜா முத்தையா நூலகம். அப்பறம் இந்திய பிஎச்டி தீசிஸ் எல்லாம் சேத்து வெச்சிருக்கிற ஷோத்கங்கா இணையதளத்துல போய் இதே தலைப்புல யாராச்சும் ஏற்கனவே முடிச்சிருக்காங்களான்னு கண்டிப்பா தேடணும், தமிழ்லயும் தேடுங்க, இங்கிலீஷ்லயும் தேடுங்க, ஒரே வார்த்தைய ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங்ல போட்டிருப்பாங்க. மேற்கத்திய பக்கத்துக்கு ஸ்டான்ஃபோர்டு என்சைக்ளோபீடியா, பில்பேப்பர்ஸ்னு ரெண்டு தத்துவ இணையதளமும் போதும். ஆனா என்சைக்ளோபீடியா கட்டுரைய மேற்கோள் காட்டி தீசிஸ் எழுதாதீங்க, அது வழிகாட்டுற போர்டு, ஊரு அதுக்கப்பறம்தான் இருக்கு.

தீசிஸ் இங்கிலீஷ்ல எழுதினாலும் இளிவரல இளிவரல்னே விடுங்க. ஒரு இங்கிலீஷ் வார்த்தைய மாத்திப் போட்ட அன்னிக்கே உங்க கேள்வி செத்துரும், ஏன்னா நீங்க சண்டை போடுறதே அந்த மொழிபெயர்ப்போடதான்.

சரி, ஆபீஸ் வேலைக்கு வருவோம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்டி கொறஞ்சது 3 வருஷம், சாதாரணமா 6 வருஷத்துக்குள்ள முடிக்கணும், முன்னாடி நடுவுல இருந்த எம்ஃபில் படிப்பு இப்ப கெடையாது. நாலு வருஷ டிகிரில 75 சதவீதம் இருந்தா எம்ஏ இல்லாமயே சேரலாம், ஆனா பிலாசபில அப்பிடி நேரா போறத நான் ரெகமண்ட் பண்ணமாட்டேன், படிக்கவே டைம் பத்தாது. நெட் (யுஜிசியோட தேசியத் தகுதித் தேர்வு) எழுதிருங்க. ரெண்டு பேப்பரும் சேத்து 150 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். அதுல நல்ல மார்க் எடுத்து ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கெடச்சா 2023 ஜனவரில ஏத்துன கணக்குப்படி மாசம் 37,000 ரூபா, பின்னாடி சீனியர் ஃபெலோ ஆனா 42,000. ஜேஆர்எஃப் வரலன்னாலும் நெட் மார்க்க வெச்சு அட்மிஷன் தர்ற முறைய 2024ல கொண்டுவந்தாங்க, 70 சதவீதம் நெட் மார்க், 30 இன்டர்வியூ. ஆனா நீங்க போற எடம் தனி என்ட்ரன்ஸ் வெக்குதான்னு அவங்க நோட்டிஃபிகேஷன்லயே பாத்துக்கோங்க.

எடம்னு பாத்தா சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி ராதாகிருஷ்ணன் இன்ஸ்டிட்யூட், பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, ஐஐடி மெட்ராஸ் ஹியூமானிட்டீஸ். எங்க போனாலும் கைடுகிட்ட எடம் இருக்கான்னு மொதல்லயே கேட்டுருங்க, புரொபசருக்கு 8 பேரு, அசோசியேட்டுக்கு 6, அசிஸ்டென்ட்டுக்கு 4, அதுக்கு மேல எடுக்க முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஆறு மாசம் ஒருத்தர் பின்னாடி அலைஞ்சு கடைசில "வேகன்சி இல்லம்மா"ன்னு கேட்டுட்டு வந்துச்சு.

கைடுக்கு மெயில் போடும்போது சினாப்சிஸ அட்டாச் பண்ணாதீங்க, யாரும் தொறக்கமாட்டாங்க. எட்டு வரி போதும். நீங்க யாரு, எங்க படிச்சீங்க, நெட் நிலவரம் என்ன, இது ரெண்டு வரி. அந்த டேபிள் ஒரு வரி, அதுல எந்த எடம் இடிக்குதுன்னு ரெண்டு வரி, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு ஒரு வரி, அவரோட எந்தக் கட்டுரைய படிச்சிட்டு அவர்கிட்ட வர்றீங்கன்னு ஒரு வரி (உண்மையாவே படிச்சிருக்கணும், ஃபோன்ல கேப்பாங்க). கடைசி வரில எடம் இருக்கான்னு கேளுங்க. ரெண்டு வாரம் பதில் வரலன்னா இன்னொரு மெயில், அப்பவும் வரலன்னா டிபார்ட்மென்ட்டுக்கே நேரா போயிருங்க, காலைல பதினொரு மணி வாக்குல.