அரிசிக் கோலத்தின் நடுவட்டத்தை விட்டுவையுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இப்போது இந்தோனேசிய, வங்காளதேசக் குடும்பங்களும் நம் அண்டைவீட்டார்தான். தீபாவளிக்கு பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) வண்ண அரிசிக் கோலம் போடும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். நடுவட்டத்தை அவர்களிடமே கொடுங்கள், இதுதான் முக்கியம். ஓரத்தில் இடம் தந்தால் விருந்தாளியாகவே நின்றுவிடுவார்கள். அரிசிமாவுக் கரைசலில் ஆல்பனா வரைவது வங்காள வழக்கம். நம் மாக்கோலத்துக்கு உறவுக்காரி மாதிரி. ஜாவாக்காரர்களிடம் அவர்களுடைய பாத்தேக் துணிகளில் வரும் பூ வடிவங்களைக் கேளுங்கள்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர், கொஞ்சம் உணவுச்சாயம் விட்டுப் பிசறி நன்றாக உலர்த்தினால் நிறம் பிடிக்கும். அக்டோபர், நவம்பர் மழைக்காலம் என்பதால் கூரைக்கடியிலேயே போடுங்கள். முதலில் பிள்ளைகளை உட்காரவையுங்கள். அம்மாக்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.