வகுப்பு வீடியோவுக்கு டிஆர்எம் போடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பாளையங்கோட்டையில் டியூஷன் சென்டரோ டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கோ நடத்துகிறவர்களிடம் பேசினால் எல்லோருக்கும் குறை ஒன்றுதான். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்காக ராத்திரி உட்கார்ந்து எடுத்த வகுப்பு, ரெண்டே நாளில் டெலிகிராமில் கிடக்கிறது. உடனே யாராவது "டிஆர்எம் போடுங்க" என்று சொல்ல (வீடியோவைப் பூட்டி, அனுமதி உள்ளவருக்கு மட்டும் ஓடவிடுகிற ஏற்பாடு அது), அதையும் போட்டு, அப்புறமும் வீடியோ கசிகிறது, இல்லையென்றால் காசு கட்டின பிள்ளைக்கே ஓடமாட்டேன் என்கிறது. நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன். பார்த்தவரை பூட்டில் பிழை இருப்பதில்லை, ஏஇஎஸ் என்ற குறியாக்கப் பூட்டை யாரும் உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. சாவியை யாருக்கு, எத்தனை நாளைக்கு, எந்த மாதிரி போனுக்குக் கொடுப்பது என்று லைசன்ஸில், அதாவது சாவியோடு போகிற அனுமதிச் சீட்டில், எழுதுகிறோமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பம். எச்எல்எஸ் (வீடியோவைச் சின்னத் துண்டுகளாக அனுப்புகிற முறை) வீடியோவுக்கு ஏஇஎஸ்-128 போட்டுவிட்டு அதையே டிஆர்எம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அதில் சாவியின் முகவரி, துண்டுகளின் பட்டியலான பிளேலிஸ்ட்டுக்குள்ளேயே எழுதியிருக்கும், லாகின் செய்த எந்தப் பையனும் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைத்துவிட்டுப் போகிற மாதிரி. டிஆர்எம்மில் சாவி வெறுமனே வராது, லைசன்ஸுக்குள் பொதிந்து, அந்தக் கருவியின் டிஆர்எம் பகுதிக்கு மட்டும் திறக்கிற மாதிரி வரும்.

அதைவிடச் சின்னத் தவறு, ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது: பூட்டாத மூல எம்பி4 ஃபைல் அதே ஸ்டோரேஜில், அதே ஃபோல்டரில், எல்லோருக்கும் திறந்தபடி கிடப்பது. வண்ணார்பேட்டையில் ஒரு சென்டரில் இப்படித்தான் போயிற்று. வீடியோ லிங்க்கின் கடைசித் துண்டை மாற்றிப் பார்த்த ஒரு பையனுக்கு முழு வகுப்பும் இறங்கிவிட்டது. பூட்டு வேலை முடிந்த அன்றே மூல ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. வீடியோவைப் பூட்டித் தருகிற ஷாகா பேக்கேஜர் என்ற மென்பொருளில் பூட்டினால், நீங்கள் மாற்றாதவரை முதல் 5 விநாடி பூட்டாமல்தான் இருக்கும். வீடியோ சட்டென்று தொடங்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. ஆனால் லைசன்ஸ் வராவிட்டாலும் சில பிளேயர்களில் அந்த 5 விநாடி ஓடும், நாமும் சரியாகிவிட்டது என்று நம்பி மூடிவிடுவோம். மறுநாள் ஒரு பெண் போன் பண்ணி, "அண்ணாச்சி, அஞ்சு செகண்டு ஓடுது, அப்புறம் நின்னுருது" என்றாள். அன்றிலிருந்து நான் எந்த வீடியோவையும் நடுவில் தள்ளிவைத்து ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். லைசன்ஸ் சர்வர், கேட்கிறவர் யார் என்று பார்க்காமலே சாவி கொடுத்தால் நீங்கள் செலவழித்த அத்தனையும் வீண். பிளேயரிலிருந்து வருகிற ஒவ்வொரு கோரிக்கையோடும் உங்கள் சர்வர் கையெழுத்திட்ட ஒரு டோக்கன் வரவேண்டும், அதில் எந்த மாணவர், எந்த வீடியோ, எத்தனை மணி வரை என்று இருக்கவேண்டும். சோதனைக்காக டோக்கன் பார்ப்பதை நிறுத்தி வைத்துவிட்டு அப்படியே மறந்துபோன இடங்கள் உண்டு. டோக்கனைப் பிரவுசரில் ஓடுகிற ஸ்கிரிப்ட்டில் தயாரிக்கவும் கூடாது, ரகசியச் சாவியைப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுகிற கதைதான் அது. நேரத்தையும் கவனியுங்கள். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். நம் நேரத்தை அப்படியே எழுதிவிட்டதால், காலை 6 மணிக்குத் திறக்கவேண்டிய வகுப்பு 11.30 வரை திறக்காமல், பிள்ளைகள் குரூப்பில் கதறின நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்லாப் போனுக்கும் ஒரே டிஆர்எம் போதாது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸுக்கு கூகுளின் வைட்வைன், ஐபோனிலும் சஃபாரியிலும் ஆப்பிளின் ஃபேர்பிளே, விண்டோஸ் பக்கம் மைக்ரோசாஃப்ட்டின் பிளேரெடி. ஃபேர்பிளேக்கு ஆப்பிளிடம் டெவலப்பர் கணக்கு வழியாக விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கவேண்டும், அப்போது கிடைக்கிற ஏஎஸ்கே என்ற ரகசியக் குறியீட்டைத் தொலைத்தால் திரும்ப எடுக்க வழியில்லை. வாங்கின அன்றே ரெண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஃபேர்பிளே சிபிசிஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டின வீடியோவைத்தான் எடுக்கும், பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கோ அந்த முறை தெரியாது. ஒரே நகல் போதும் என்று முடிவெடுக்கும் முன் உங்கள் பிள்ளைகள் கையில் என்ன போன் இருக்கிறது என்று பாருங்கள்.

போன் என்றதும் எல்1, எல்3 விவகாரம். வைட்வைனில் எல்1 என்றால் போனின் வன்பொருளுக்குள்ளேயே பாதுகாப்பு, எல்3 வெறும் மென்பொருள். பாதுகாப்பு கூடட்டும் என்று எல்லா வீடியோவுக்கும் எல்1 கட்டாயம் என்று எழுதிவிடுகிறார்கள். களக்காட்டிலிருந்தும் கடையத்திலிருந்தும் படிக்கிற பிள்ளைகள் கையில் இருக்கிற விலை குறைந்த போன்களில் பல எல்3தான், அந்தப் பிள்ளைகளுக்குத் திரை கறுத்துவிடும். எச்டிக்கு ஒரு சாவி, குறைந்த தரத்துக்கு வேறு சாவி என்று பிரித்து, எச்டி சாவிக்கு மட்டும் எல்1 கேட்டால் போதும், கரும்பலகை எழுத்து 480பியிலும் தெரியும்.

கால அளவிலும் இதே அக்கறை வேண்டும். லைசன்ஸ் 24 மணி நேரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி எழுதாதீர்கள். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் நிற்காது, அம்பாசமுத்திரம் வரும்போது ஆப்பில் இறக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆஃப்லைன் லைசன்ஸ் கொடுங்கள். இறக்கினதிலிருந்து எத்தனை நாள், முதலில் ஓட்டினதிலிருந்து எத்தனை நாள் என்று ரெண்டு அளவும் தனித்தனி. ஒன்றை மட்டும் போட்டால் பாதியில் நின்றுபோகும்.

ஒலியையும் பூட்டுங்கள். வில்லுப்பாட்டுக் குழு ஒன்றின் பதிவுக்குப் படத்தை மட்டும் பூட்டி, பாட்டைத் திறந்து விட்டிருந்தார்கள். வில்லுப்பாட்டில் திருட வேறென்ன இருக்கிறது? அந்தக் குழுவிடம் விற்பனை உரிமையை எழுத்தில் வாங்கியிருக்கவும் இல்லை, அதுவும் தவறு. 2012இல் திருத்தின பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இந்த மாதிரிப் பாதுகாப்பை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. புகார் கொடுக்கப் போனால் உரிமை உங்களுடையதுதான் என்று காட்டக் கையில் காகிதம் வேண்டாமா?

வேறொரு போனை எதிரில் வைத்துத் திரையைப் படம் எடுத்தால் எந்த டிஆர்எம்மாலும் தடுக்க முடியாது. அதற்கு மாணவரின் பதிவெண்ணை வீடியோ மேல் மங்கலாக ஓடவிடுங்கள், அதை மூலையில் நிறுத்தி வைக்காமல் அடிக்கடி இடம் மாற்றுங்கள். மூலையில் இருந்தால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு ஏற்றிவிடுவார்கள்.