அப்பா சாப்பராக இருந்தாரா? 1939–45 படைச்சேவையைத் தேடித் தாயகம் வருவோருக்கு

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே தேடத் தொடங்க வேண்டியது அப்பாவின் படை எண். வெறும் பெயரோடு, படையின் மையம் இருக்கும் பெங்களூருக்குப் போய் நின்றால் காரியம் ஆகாது. இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்த ராமசாமிகளுக்கும் அந்தோணிகளுக்கும் கணக்கில்லை. அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியது ஆள்சேர்ப்பு எழுத்தர், அதுவும் தன் காதில் விழுந்தபடி. தகப்பனார் பெயர் முன்னால் வந்திருக்கும், சாதிப் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும், வயதையும் ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ போட்டிருப்பார்கள். எண்ணில் இந்தக் குழப்பம் வராது.

அந்த எண் பெரும்பாலும் ஊரில் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சான்றிதழ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எண், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அதில் வரும். அது இல்லையென்றால் பதக்கங்களைப் பாருங்கள். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கிவிடும். விளிம்பு வெறுமையாக இருந்தாலும் பதக்கத்தின் வகையே ஒரு தடயம். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூனுக்கும் 1943 மே மாதத்துக்கும் இடையே வட ஆப்பிரிக்கப் பக்கம். இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூனிலிருந்து 1945 மே வரை. பர்மா ஸ்டார் 1941 டிசம்பரில் தொடங்குகிறது. இந்தியா சர்வீஸ் மெடல் இந்தியாவிலேயே மூன்றாண்டு பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. ஆகவே அது மட்டும் இருந்தால் கடல் கடந்த கதைகளைக் கொஞ்சம் நிதானமாகவே கேளுங்கள்.

புகைப்படம் இருந்தால் முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். சட்டைக் கையில் கழுகு இருந்தால் 4ஆம் இந்திய டிவிஷன். பூனை இருந்தால் 17ஆம் டிவிஷன், பர்மா. குத்துவாள் ஏந்திய கை இருந்தால் 19ஆம் டிவிஷன், அதுவும் பர்மா. படத்தின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையையும் பழைய கடிதங்களில் இருக்கும் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவில் ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர்’ என்று கல்வெட்டு இருந்தால் ஆண்டைக் கவனியுங்கள். 1914–1919 என்று இருந்தால் அது முதல் உலகப் போர், உங்கள் தாத்தா தலைமுறை.

ஊரில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பலரும் மறந்துவிடும் இடம் இது. போர்க்காலத்தில் சேர்ந்து 1946 வாக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் கிடையாது. பிற்பாடு தமிழக அரசு இவர்களுக்கும் இவர்களுடைய விதவைகளுக்கும் மாத நிதியுதவி கொடுத்தது. அப்பாவோ அம்மாவோ அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் படை எண் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த சிக்கல், எந்தப் படை என்பது. ‘மிலிட்டரியில் இன்ஜினியர்’ என்று வீட்டில் சொன்னது பல இடங்களைக் குறிக்கலாம். பாலம் கட்டியவர், கண்ணி வெடி எடுத்தவர் என்றால் சாப்பர். லாரியும் டாங்கியும் பழுது பார்த்தவர் என்றால் 1943இல் தொடங்கிய ஐ.இ.எம்.இ. (இந்திய எலெக்ட்ரிகல் அண்டு மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்); அதன் வழிவந்த படையின் ஆவணங்கள் செகந்திராபாத்தில். சாலை போட்டு மூட்டை சுமந்தவர் பயோனீர் கோரில் இருந்திருக்கலாம். எம்.இ.எஸ். (மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸ்) என்றால் சிவிலியனாகவே இருந்திருக்கவும் கூடும். தமிழர் என்பதாலேயே மதராஸ் சாப்பர் என்று முடிவு கட்டி விண்ணப்பம் போட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில்தான் வரும். அது உண்மையாகவும் இருக்கும்.

மதராஸ் சாப்பர்ஸ் என்று உறுதியானால், பெங்களூரில் உள்ள எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப், அந்தப் படையின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே பதிவுத் தபாலில் எழுதுங்கள். எண், பெயரின் எல்லா எழுத்து வடிவங்களும், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, அன்றைய மாவட்டம் ஆகியவை இருக்கட்டும். இன்றைய திருவண்ணாமலையை அன்றைய ஏட்டில் வட ஆற்காடு என்றுதான் எழுதியிருப்பார்கள். தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் ஆங்கிலேயர் எழுதிய பழைய வடிவத்திலும் சேர்த்துக் கொடுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அவர் பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழ் இரண்டின் நகலையும் இணையுங்கள்.

கடிதத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ‘சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால், விதிப்படி அழித்துவிட்டோம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஓய்வூதியம் இல்லாதவர்களின் ஷீட் ரோலை, அதாவது தனிநபர் பணிப்பதிவை, 25 ஆண்டு வைத்திருந்து அழிப்பது ராணுவ வழக்கம். ஆனால் லாங் ரோல் என்ற பேரேட்டை அழிப்பதில்லை. ‘லாங் ரோலில் உள்ள பதிவின் நகல்’ என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஒரு வரிப் பதிவுதான், என்றாலும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் காரணமும் அதில் தெரியும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருப்பவர் கேட்க முடியாது. இந்தியாவில் இருக்கும் தம்பியோ அத்தை மகனோ தம் பெயரில் போடட்டும். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தனிநபர் தகவல் என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றிய 8(3) பிரிவைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அப்பா கிங்ஸ் கமிஷன், அதாவது மன்னர் பெயரிலான நியமனம் பெற்ற அதிகாரி என்றால் வழியே வேறு. அத்தகைய அதிகாரிகளின் கோப்புகளை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், எல்.மில்.14 வரிசையில் தேடிப் பாருங்கள். சுபேதார், ஜமேதார் பதவிகள் இதில் சேரா.

அப்பா இருந்த கம்பெனியின் எண் கிடைத்துவிட்டால் லண்டனில் வேறொரு வாசலும் திறக்கும்: கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள், அதாவது ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் எழுதிய பதிவுகள். அவற்றின் வரிசை எண்கள்: மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் டபிள்யூ.ஓ. (WO) 169, இத்தாலி டபிள்யூ.ஓ. 170, பர்மா டபிள்யூ.ஓ. 172. வாசகர் அட்டை இலவசம். உங்கள் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். 12ஆம் ஃபீல்டு கம்பெனி போல 4ஆம் டிவிஷனோடு வட ஆப்பிரிக்கா, இத்தாலி இரண்டு களத்திலும் இருந்த பிரிவு என்றால் 169, 170 இரண்டையும் புரட்ட வேண்டும். சாப்பர்களின் பெயரை அதில் தேடாதீர்கள். அதிகாரிகள் பெயர்தான் வரும். எந்த நாள் எந்த ஆற்றங்கரையில் இருந்தார்கள், என்ன பாலம் போட்டார்கள், எத்தனை கண்ணி எடுத்தார்கள் என்பது இருக்கும். கண்ணி எடுத்ததைப் பற்றிய வரி எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணி வெடி மேல் தன் உடலைப் போட்டுத் தோழர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைக்காரர்தான்.

பெங்களூர் மையம் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. ராணுவ இடம் என்பதால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வாசலில் போய் நின்று உள்ளே விடச் சொன்னால் நடக்காது; படைப்பிரிவின் அருங்காட்சியகத்தைப் பார்க்கவும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். வாசலையோ காவலரையோ படம் எடுக்க வேண்டாம். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் காட்டலாம் என்று நினைத்தால், அந்தப் போனையே வாயிலில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும்.