ஒப்பந்தப் புரோகிராமரை எடுக்க நான் கண்ட வழி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஆறு பேர் கொண்ட எங்கள் அலுவலகத்தில், மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். மூன்று மாத ஒப்பந்தத்துக்கு முதலில் பேசிப் பார்த்தே ஒருவரை எடுத்தேன். சரளமாகப் பேசினார், இரண்டு வாரமாகியும் ஓர் அறிக்கைகூட முடியவில்லை. அடுத்த முறை 90 நிமிட ஆன்லைன் தேர்வு வைத்தேன். அனுபவசாலிகள் பலர் எழுதவே மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. பத்து ஆண்டு வேலை பார்த்தவரிடம் கல்லூரிப் புதிரை நீட்டினால் யாருக்குத்தான் மனம் வரும்?

பிறகு, நாங்களே ஒரு நாள் முழுக்கத் திண்டாடிய பிழை ஒன்றை எடுத்தேன். இதுவரை எதுவும் வாங்காத வாடிக்கையாளர்களைத் தேட, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.-இல் எழுதிய வினவல் அது. 'நாட் இன்', அதாவது வாங்கியவர்கள் பட்டியலில் இல்லாதவர்கள் என்று எழுதியிருந்தோம். உள்ளே இருக்கும் இன்னொரு வினவல் தரும் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' (காலி மதிப்பு) இருந்தாலும் விடை வெறுமையாகவே வரும். பிழைச் செய்தியும் வராது. அதைத் திரையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணமும் உண்டு. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண் எடுத்தவுடன் கீபோர்டைத் தொடவில்லை. "சார், பெயர் சொல்லாமல் வாங்கிப் போகிறவர்களுக்கும் பில் போடுகிறீர்களா? அதில் வாடிக்கையாளர் எண் என்னவாக இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். காலியாக இருக்கும் என்றேன். உடனே, அந்த வாடிக்கையாளருக்கு ஒரு பில்கூட இல்லையா என்று பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதினார்; அதை 'நல்' கெடுக்காது. மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்தானது.